வாசிக்க மறுத்த மாணவியும் வாய்ப்புண்ணும்

சிவகாசிக்கு அருகே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி, பாடப்பகுதியை வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள், வாய் திறக்கமாட்டாள். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் கடிந்துகொண்டேன். அன்று மதியம் அவள் சாம்பார் சாதத்தை ஒதுக்கிவிட்டு முட்டையை மட்டும் பிட்டுத் தின்றதைப் பார்த்த பிறகே விசாரித்தேன். கீழுதட்டை இழுத்துக் காட்டினாள். உள்ளே நான்கு புண்கள்.

"ஏம்மா சொல்லல?"

"சூடுதான் சார், தானா சரியாப் போயிரும்னு அம்மா சொன்னாங்க."

கந்தக பூமியில் வாய்ப்புண் என்றாலே சூடு என்றுதான் சொல்வோம். காரணங்கள் பல இருக்கலாம் என்பதை அதன்பின்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

எது சாதாரணப் புண்?

வட்டமாக, நடுவில் வெண்மை அல்லது மஞ்சள் நிறமும் சுற்றிலும் சிவப்பு வளையமும் கொண்ட சிறு புண் 7 முதல் 14 நாள்களில் தானே ஆறிவிடும். பிறருக்குத் தொற்றாது. கன்னத்தைக் கடித்துக்கொள்வது, கூரான பல், தூக்கக் குறைவு, தேர்வு பயம் ஆகியவை இதைத் தூண்டலாம். அடிக்கடி வந்தால் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 குறைவு உண்டா எனப் பார்க்க வேண்டும். கடைவாய் வெடிப்பும் சத்துக்குறைவின் அடையாளமாக இருக்கலாம்.

உதட்டின்மேல் கொத்தாக வரும் நீர்க்கொப்புளம் தொற்றக்கூடியது. காய்ச்சலுடன் வாயிலும், உள்ளங்கை, உள்ளங்காலிலும் கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் காட்டி, குணமாகும்வரை வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

* ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, நாளுக்கு மூன்று நான்கு முறை கொப்பளித்துத் துப்பச் சொல்லலாம்.
* காரம், புளிப்பு, முறுக்கு போன்றவற்றைத் தவிர்த்து, தயிர்சாதம், மசித்த பருப்பு சாதம் தரலாம். மணத்தக்காளிக் கீரையும் நல்ல உணவே.
* கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும் களிம்பும் வேண்டாம்.
* புண் ஆறும்வரை வாசிப்புக்குப் பதில் எழுத்துப் பயிற்சி கொடுக்கலாம்.

எப்போது அனுப்ப வேண்டும்?

மூன்று வாரமாகியும் ஆறாத புண், காய்ச்சல், தண்ணீர்கூடக் குடிக்க முடியாத வலி, மீண்டும் மீண்டும் வருதல் ஆகியவை இருந்தால் அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இ.எஸ்.ஐ. அட்டை உள்ள பட்டாசுத் தொழிலாளர்களின் பிள்ளைகள் சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் காட்டலாம். 104 எண்ணில் ஆலோசனை கேட்கலாம். மேல்வகுப்பு மாணவர்களின் உதட்டுக்குள் வெள்ளைத் தடிப்போ ஆறாத புண்ணோ தென்பட்டால், உதட்டில் ஒதுக்கும் புகையிலையா எனத் தனியே, பரிவோடு கேளுங்கள். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அந்த மாணவி

பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு அவளுக்கு இரத்தசோகை என்றது. அம்மா விடியற்காலையில் பட்டாசு ஆலை வேனில் ஏறிவிடுவார். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிவதால், ஆறாம் வகுப்பிலிருந்தே அவள் வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாள். வாரந்தோறும் நான் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் வயிற்றைப் புரட்டுகிறதென்று பையில் போட்டுவிட்டிருக்கிறாள். நான் பதிவேட்டில் 'கொடுக்கப்பட்டது' என்று எழுதியிருந்தேன்.

இப்போது மதிய உணவுக்குப் பின், விழுங்கும்வரை அருகில் நிற்கிறேன். சிகிச்சைக்குப் பின் அவளுக்குப் புண் வருவது குறைந்திருக்கிறது. வாசிக்கத் தயங்கும் பிள்ளையிடம், "வாய் வலிக்குதா?" என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.