ஆடுகளின் சீழ்க்கட்டி நோயும் தடுப்பூசியும்

நெல்லும் காய்கறியும் செய்கைபண்ணும் கமக்காரர் பலர் சில ஆடுகளையும் வளர்த்து வருகின்றனர். தோட்டத்திற்கு எரு தருபவை அவை. விதைக்கோ பசளைக்கோ அவசரமாகப் பணம் வேண்டியபோது விற்கக்கூடிய முதலும் அவையே. இம்முதலைச் சிறிது சிறிதாக அரித்துவிடுவது சீழ்க்கட்டி நோயாகும். மந்தையில் ஒருமுறை புகுந்தால் இதனை அகற்றுதல் மிகக் கடினம். எனவே வருமுன் காத்தலே தக்கது.

நோயின் காரணமும் அறிகுறிகளும்

கோரினிபற்றீரியம் சூடோற்றியூபர்குளோசிஸ் என்னும் பற்றீரியாவே இந்நோயை உண்டாக்குகின்றது. முட்கீறல், கம்பிக் காயம் முதலியவற்றின் வழியாக உடலினுள் நுழையும் இக்கிருமி நிணநீர்க் கணுக்களிற் தங்கிப் பெருகும். இரண்டு முதல் ஆறு மாதங்களின் பின்னரே கட்டி வெளித்தோன்றும். காதின் கீழ், தாடையோரம், தோளின் முன்புறம், பின்தொடையின் முன்புறம், மடியின் பின்புறம் ஆகிய இடங்களைத் தடவிப் பார்த்தல் வேண்டும். கட்டியினுள் வெண்மையான அல்லது இளம்பச்சையான தடித்த சீழ் இருக்கும்.

சுவாசப்பை, ஈரல் முதலிய உள்ளுறுப்புகளிலும் கட்டி உண்டாகலாம். அத்தகைய ஆடு நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டே போகும்.

எல்லா வீக்கமும் இந்நோயன்று. தாடையின் கீழ் நீர் கோத்ததுபோன்ற மெதுவான வீக்கமும், வெளிறிய கண்ணிமையும் காணப்படின் அது குடற்புழுவினால் ஏற்பட்டதாக இருக்கலாம். ஆதலால் மிருக வைத்தியரைக் கொண்டு நிச்சயித்துக் கொள்க.

பரவும் விதம்

கட்டி உடைந்து சிந்தும் சீழே நோயைப் பரப்பும் முதற் காரணம். அது பட்ட மண்ணிலும், தீவனத் தொட்டியிலும், கொட்டில் மரங்களிலும் கிருமி பல மாதங்கள் உயிருடன் இருக்கும். சுவாசப்பையிற் கட்டியுள்ள ஆடு இருமும்போதும் நோய் தொற்றும்.

கட்டியின் தடித்த உறையினுள் மருந்து எளிதிற் செல்வதில்லை. ஆதலால் நுண்ணுயிர்கொல்லி மருந்துகளால் இந்நோய் பெரும்பாலும் முற்றாகக் குணமாவதில்லை.

தடுப்பூசி

இக்கிருமி வெளிவிடும் நச்சுப்பொருளைத் தீங்கற்றதாக்கித் தடுப்பூசி தயாரிக்கப்படுகின்றது. செம்மறி வளர்ப்பிற் சிறந்த அவுஸ்திரேலியாவில் 1983ஆம் ஆண்டு முதல் இது வழக்கில் உள்ளது. பொதுவாக முதலூசி ஏற்றி நான்கு வாரங்களின் பின் இரண்டாவது ஊசியும், அதன்பின் ஆண்டுக்கொரு முறையும் ஏற்றுவர். முதலூசியோடு நிறுத்திவிட்டால் போதிய பாதுகாப்புக் கிடையாது.

மூன்று விடயங்களை மனத்திற் கொள்ளல் வேண்டும்:

1. தடுப்பூசி நோயுற்ற ஆட்டைக் குணப்படுத்தாது. நோயற்ற இளங்குட்டிகளுக்கு ஏற்றுவதாலேயே மிகுந்த பயனுண்டு.

2. அது நோயைக் குறைக்குமேயன்றி முற்றாகத் தடுக்காது. எனவே கொட்டிற் சுத்தத்தைக் கைவிடலாகாது.

3. இத்தடுப்பூசிகள் பெரும்பாலும் செம்மறிகளுக்கென ஆக்கப்பட்டவை. வெள்ளாடுகளிற் பலன் அத்துணை உறுதியன்று. காய்ச்சல், சோர்வு, பால் குறைதல் ஆகியனவும் ஏற்படலாம். தடுப்பூசி கிடைக்குமா, உங்கள் ஆடுகளுக்கு ஏற்றதா என்பதை உங்கள் பிரிவு மிருக வைத்தியரிடமே கேட்டறிக.

கமக்காரர் செய்யவேண்டியவை

கட்டியுள்ள ஆட்டை உடனே பிரித்து, புண் முற்றாக ஆறும்வரை தனியே கட்டுக. கட்டி தானாக உடையும்வரை விட்டுவைத்தல் ஆகாது. மிருக வைத்தியரைக் கொண்டு, மற்றை ஆடுகள் நடமாடாத இடத்தில் அதனைக் கீறுவிக்க வேண்டும். சீழையும் துடைத்த பஞ்சையும் எரித்துவிடுக. மனிதருக்கும் இந்நோய் அரிதாகத் தொற்றுமாதலால் கையுறை அணிதல் அவசியம்.

சீழ் பட்ட படுக்கைக் கூளத்தை எருக்குழியிற் போடாது எரித்துவிடுதல் நன்று. அதனைத் தோட்டத்திற் பரப்பினால், அறுவடையின் பின் அங்கே மேயவரும் ஆடுகளுக்கு நோய் தொற்றக்கூடும். கொட்டிலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளையும் கம்பிகளையும் அகற்றுக. ஓர் ஊசியை ஓர் ஆட்டிற்கு மாத்திரம் பயன்படுத்துக.

சந்தையில் ஆடு வாங்கும்போது மேலே கூறிய இடங்களைத் தடவிப் பாருங்கள். கட்டியோ கட்டி ஆறிய தழும்போ உள்ள ஆட்டை விலை குறைவென்று வாங்காதீர்கள். அவ்வோர் ஆட்டினால் மிச்சம்பிடித்த பணத்திலும் பன்மடங்கு நட்டம் முழு மந்தைக்கும் நேரிடலாம்.