தொட்டியில் வளரும் விருந்தாளி

மேற்குத் தொடர்ச்சி மலையடியில் உள்ள கூமாப்பட்டியின் கண்மாய்களுக்குப் பிளவக்கல் அணைகள் நீர் தருகின்றன. நீர்வளம் மிக்க ஊராயினும் தண்ணீர்த் தொட்டி இன்றி வீடு ஏது? தேங்கிய நன்னீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். அதன் புழுக்களைத் தின்பதற்காகத் தொட்டிகளில் விடப்படும் மீன்களுள் ஒன்று கப்பி.

கண்ணாடித் தொட்டியில் வண்ண வாலை விரித்து நீந்தும் அதே மீன்தான்! தென் அமெரிக்காவின் வடபகுதியும் டிரினிடாடு தீவும் அதன் தாயகம். அத்தீவில் வாழ்ந்த இராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பாரின் பெயர் 1866இல் அதற்குச் சூட்டப்பட்டது. கொசு ஒழிப்புக்காக 1908இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நன்னீரிலும் உவர்நீரிலும் வாழும். அழுக்கு நீரையும் பொறுக்கும். ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குஞ்சுகளை ஈனும்.

தொட்டிக்குள் இருக்கும்வரை நன்மையே. மழைநீரோடு வாய்க்காலில் இறங்கிக் கண்மாயை அடைந்துவிட்டாலோ நிலைமை வேறு. பெண் கப்பி, ஆணின் உயிரணுக்களைப் பல மாதங்கள் உடலில் சேமித்து வைக்க வல்லது. ஆகவே, ஒற்றை மீனே ஒரு கூட்டத்தை உண்டாக்கிவிடக்கூடும்.

கொசுப்புழுக்களை உண்ணும் மீன்கள் நம் நீர்நிலைகளிலும் உண்டு. தலையில் வெள்ளிப்புள்ளி மின்ன, நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும் சிறுமீன் ஒன்றை மலைக்கு அப்பால் கேரளத்தார் 'மானத்துக்கண்ணி' என்பர். வானத்தை நோக்கும் கண்ணுடையது என்பது பொருள். எத்துணைப் பொருத்தமான பெயர்! முட்டையிட்டுப் பெருகும் அம்மீன், கப்பி புகுந்த நீரில் இரைக்கும் இடத்திற்கும் அதனோடு போட்டியிட நேர்கிறது.