இறுக்கினால் நிற்காத கசிவு

வத்தலக்குண்டிலிருந்தும் பழனியிலிருந்தும் கொடைக்கானலுக்குச் செல்லும் மலைச்சாலைகள் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திற்கு ஏறுவதால், தாழ்ந்த கியரில் நெடுநேரம் உழைக்கும் பழைய அம்பாசிடரின் ஆயில் நன்கு சூடேறி இளகுகிறது. சமவெளியில் ஈரமாக மட்டும் தெரிந்த ஆயில் பைப் இணைப்பு மலையில் சொட்டத் தொடங்குகிறது. அப்போது முதலில் தோன்றும் யோசனை, நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கலாம் என்பதுதான். இணைப்பைக் கெடுப்பதும் பெரும்பாலும் அதுதான்.

இத்தகைய பல இணைப்புகளில் கசிவைத் தடுப்பது மரை அன்று. மரை இரண்டு முகங்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவே. பாஞ்சோ போல்ட் எனப்படும், உள்ளே ஆயில் செல்லத் துளையிட்ட போல்ட்டில், பைப் முனையின் இருபுறமும் செப்பு வாஷர்கள் நசுங்கிப் பள்ளமேடுகளை நிரப்புகின்றன. ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிக் கடினமாகிவிடுவதால், அதே வாஷரை மீண்டும் போட்டு எவ்வளவு முறுக்கினாலும் அது முகத்தோடு படியாது, மரைதான் உரியும். புது வாஷர் கிடைக்காத இடத்தில், பழையதை மங்கிய சிவப்பாகும் வரை சூடாக்கி ஆறவிட்டால் செம்பு மீண்டும் மென்மையாகும். சூடான எஃகை நீரில் அமிழ்த்திக் கடினமாக்கிப் பழகிய கைக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் செம்பை நீரில் போட்டாலும் அது மென்மையாகவே இருக்கும். பைப்பின் வாயை விரித்து எதிர்முகத்தில் பொருத்தும் இணைப்பில், எதிர்ப்பக்கத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடிக்காமல் நட்டைத் திருப்பினால் பைப்பும் சேர்ந்து முறுகி, விரிந்த வாயின் ஓரத்தில் விரிசல் விழும்.

டெஃப்லான் டேப்பைச் சுற்றினால் அல்லது அனபாண்ட் பசையைத் தடவினால் கசிவு அடங்கும் என்ற நம்பிக்கை, தண்ணீர்க் குழாய் வேலையிலிருந்து வந்தது. முனை நோக்கிக் குறுகும் மரையில் அடைப்பு மரையிலேயே நிகழ்வதால் அங்கே டேப்புக்கு வேலை உண்டு. முகத்தால் அடைபடும் இணைப்பில் அது பயனற்றது. பிய்ந்த துண்டு உள்ளே சென்று பேரிங்குக்கு ஆயில் போகும் சிறு துளையை அடைத்தால், சொட்டுக்குப் பயந்து எஞ்சினையே இழந்த கதையாகும்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் கசிவு நிற்கும் என்பதும் பாதி உண்மையே. சூட்டில் அது மெதுவாகக் கசியலாம். ஆனால் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் கொடைக்கானல் மலையின் மன்னவனூர்ப் பக்கத்து விடியலில், குளிர்ந்து தடித்த ஆயிலைப் பம்ப் தள்ளும்போது அழுத்தம் உச்சத்திற்குப் போய், பலவீனமான இணைப்பைத்தான் முதலில் சோதிக்கும்.

அம்பாசிடர் என்றால் சொட்டத்தான் செய்யும் என்ற பேச்சுக்கு மட்டும் ஓர் அடிப்படை உண்டு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழி வந்த 1,489 சி.சி. எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனைக்கு ரப்பர் சீல் இல்லை. ஷாஃப்டில் வெட்டிய திருகுவரி, சுழலும்போது மட்டும் ஆயிலை உள்ளே திருப்புகிறது. முகப்பு மேடுநோக்கி நிற்கும் வண்டியில் பின்பக்கம் சில சொட்டுகள் விழுவது அதனால்தான். எனினும் அந்தச் சமாதானத்தைப் பைப் இணைப்புக்கும் நீட்டுவது தவறு, ஏனெனில் அங்கே ஆயில் பம்பின் அழுத்தத்தில் இருக்கிறது. ஓடும் வண்டியில் காற்றும் சரிவும் ஆயிலைப் பின்னுக்கு இழுப்பதால் நனைந்த இடமே கசிந்த இடமாக இருக்க வேண்டியதில்லை. எஞ்சினைக் கழுவி, உலர்த்தி, முகப்பவுடர் தூவி ஓடவிட்டால் முதல் கோடு எங்கே தோன்றுகிறதோ அதுவே மூலம்.

டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியாவிட்டால் ஆயில் போதுமானது என்று கொள்வதற்கும் இடமில்லை: அது காட்டுவது அழுத்தத்தை, அளவை அன்று. அளவுக்கு டிப்ஸ்டிக்கைத்தான் பார்க்க வேண்டும்; அதுவும் சரிவில் பொய் சொல்லும் என்பதால், கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய சாலை போன்ற சமமான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஆயில் கீழே இறங்கச் சில நிமிடங்கள் விட்டுப் பார்ப்பதே சரி.