டிராக்டர் இருக்கையைச் சீர்செய்வோம், முதுகைக் காப்போம்

உழவுக்குப் புறப்படுமுன் டிராக்டரின் எண்ணெய் அளவைப் பார்க்கிறோம்; ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறோம்; டயரில் காற்றுப் பார்க்கிறோம். ஆனால் நாள் முழுவதும் நாம் அமர்ந்திருக்கும் இருக்கையை மட்டும் பார்ப்பதில்லை. உறை கிழிந்தால் ஒரு சாக்கை மடித்துப் போடுகிறோம். ஸ்பிரிங் தளர்ந்தால் இடையில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிடுகிறோம்.

உழவியல் பாடம் நடத்தும் நான் இருக்கையைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் பல ஆண்டுகள் ஓட்டிய டிராக்டரிலும் இருக்கைக்கு அடியில் ஒரு வேலமரக் கட்டை இருந்தது. சேற்றுழவுக் காலம் முடிந்ததும் இடுப்பு வலி என்று படுத்துவிடுவார். வயதாகிவிட்டது என்று நாங்களும் எண்ணியிருந்தோம். ஒருநாள் வரப்பில் ஏறி இறங்கும்போது இருக்கையைத் தாங்கிய போல்ட் முறிந்துவிட்டது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டதால், பின்னால் சுழன்றுகொண்டிருந்த ரோட்டவேட்டரில் விழாமல் தப்பினார். முறிந்த போல்ட்டை எடுத்துப் பார்த்தோம். முறிவின் பாதிக்குமேல் பழைய துரு படிந்திருந்தது. அதாவது, அந்த விரிசல் அன்று உண்டானதன்று. வெகுநாளாக வளர்ந்து வந்தது. முன்பே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இருக்கையின் வேலை என்ன?

காரில் சக்கரங்களுக்கும் உடலுக்கும் இடையே ஸ்பிரிங்குகள் உள்ளன. பெரும்பாலான டிராக்டர்களின் பின் அச்சுக்கு ஸ்பிரிங் கிடையாது. வரப்பிலும் கட்டியிலும் ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்க டயரும் இருக்கையும் மட்டுமே உண்டு. எனவே டிராக்டரில் இருக்கை என்பது உட்காரும் பலகை மட்டுமன்று. அதுவே ஓட்டுபவரின் முதுகெலும்பைக் காக்கும் கருவியுமாகும்.

மேலும் கீழுமான அதிர்வுகளில், நொடிக்கு 4 முதல் 8 முறை வரை நிகழும் அதிர்வே மனித உடலை மிகவும் பாதிக்கிறது. உடல் முழுவதையும் தாக்கும் அதிர்வை அளப்பதற்கான பன்னாட்டுத் தரம் 1974-ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டது. இத்தகைய அதிர்வைப் பல ஆண்டுகள் தாங்குவோருக்குக் கீழ்முதுகு வலி மிகுதியாக வருகிறது.

டயரின் மேல் டிராக்டர் ஏறக்குறைய நொடிக்கு 2 முதல் 4 முறை துள்ளும். இருக்கையும் அதே வேகத்தில் துள்ளுமானால் அதிர்ச்சி குறையாது; கூடும். ஊஞ்சல் வந்து திரும்பும் வேளை பார்த்துத் தள்ளினால், சிறு குழந்தை தள்ளினாலும் உயரம் ஏறிக்கொண்டே போவதை நாம் அறிவோம். அதுபோன்றதே இதுவும். ஓட்டுபவரின் எடைக்கு ஸ்பிரிங் 10 செ.மீ. அமுங்கினால் இருக்கை நொடிக்குச் சுமார் 1.6 முறை மெதுவாக ஆடும்; வேகமான அதிர்ச்சிகள் உடலை எட்டுமுன் தணியும். ஸ்பிரிங் கடினமாகி 2.5 செ.மீ. மட்டுமே அமுங்கினால் நொடிக்குச் சுமார் 3.2 முறை ஆடும். அது டிராக்டரின் துள்ளலோடு சேர்ந்துகொள்ளும். மரக்கட்டை செருகிய இருக்கையிலோ ஸ்பிரிங்கே வேலை செய்வதில்லை. ஒவ்வொரு அதிர்ச்சியும் அப்படியே முதுகிற்கு ஏறுகிறது.

சோதிக்கும் முறை

டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, பிரேக் பூட்டி, கருவியைத் தரையில் இறக்கிய பின் கீழ்க்கண்டவாறு சோதிக்க வேண்டும்.

1. இருக்கையின் இருபுறமும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் புஷ்கள் தேய்ந்துள்ளன. அல்லது நட்டுகள் தளர்ந்துள்ளன.

2. கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, போல்ட் துளைகளைச் சுற்றியும் பற்றவைத்த இடங்களிலும் மயிரிழை விரிசல் உள்ளதா என்று பாருங்கள். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது நலம்.

3. ஓட்டுபவர் அமர்ந்ததும் இருக்கை தன் ஏற்ற இறக்கத்தின் நடுப்பகுதியில் நிற்க வேண்டும். அடியில் முட்டிக்கொண்டு நின்றால் ஸ்பிரிங் தளர்ந்துள்ளது. அல்லது எடைத் திருகு சரியாக வைக்கப்படவில்லை.

4. இருக்கையை அழுத்திச் சட்டென்று விடுங்கள். ஓரிரு ஆட்டத்தில் நிற்க வேண்டும். தொடர்ந்து துள்ளினாலோ, எண்ணெய்க் கசிவு இருந்தாலோ ஷாக் அப்சார்பர் பழுதாகிவிட்டது.

5. முன்பின் நகரும் தடத்தைப் பூட்டிவிட்டு வலுவாகத் தள்ளிப் பாருங்கள். நழுவினால் உடனே சீர்செய்ய வேண்டும். மேட்டில் ஏறும்போது இருக்கை பின்னே நழுவினால் கால் பிரேக்கை எட்டாது.

6. குஷனில் உட்காரும்போது அடித்தகடு தட்டுப்பட்டால் ஃபோம் நைந்துவிட்டது.

எதைச் சீர்செய்யலாம்? எதை மாற்ற வேண்டும்?

புஷ், இணைப்பு ஊசி, போல்ட், பூட்டு, உறை, ஃபோம் ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றிக்கொள்ளலாம். அடித்தகட்டில் உள்ள சிறு விரிசலைப் பட்டறையில் பற்றவைக்கலாம். ஆனால் முறிந்த ஸ்பிரிங்கைப் பற்றவைத்தல் கூடாது. ஸ்பிரிங் எஃகு பதம் ஏற்றப்பட்டது. பற்றவைக்கும் சூட்டில் பதம் கெட்டு, மீண்டும் திடீரென முறியும். வேறு ஸ்பிரிங்தான் போட வேண்டும். ஷாக் அப்சார்பரையும் சூடாக்கவோ அறுக்கவோ கூடாது. தாங்கும் சட்டகமே துருவேறி இளைத்திருந்தால் முழு இருக்கையையும் மாற்றுவதே சிக்கனம்.

குஷனைப் புதுப்பித்தல்

கிழிந்த உறையையும் பழைய ஃபோமையும் நீக்கி, அடித்தகட்டைத் துரு போகத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி உலரவிட வேண்டும். தகட்டில் உள்ள நீர்வடி துளைகளை அடைக்காதீர்கள். அடைத்தால் மழைநீர் ஃபோமில் தங்கி, அடியிலிருந்து துருவேறும். மெத்தைக்குப் போடும் மிருதுவான ஃபோம் ஏற்றதன்று. அது சில வாரங்களில் தட்டையாகிவிடும். கன மீட்டருக்கு 40 கிலோ அல்லது அதற்கு மேற்பட்ட அடர்த்தியுள்ள ஃபோமை 7 முதல் 8 செ.மீ. கனத்தில் தகட்டின் வடிவத்திற்கு வெட்டிப் பசையால் ஒட்டலாம். மேலே ரெக்ஸின் உறையைச் சீட் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்க. கோடையில் வெயில் சூடு தாக்காதிருக்க, கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தித் துணி உறை ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். குஷன் எவ்வளவு நன்றாக இருப்பினும் ஸ்பிரிங்கின் வேலையை அது செய்யாது என்பதை மறத்தலாகாது.

புதிய இருக்கை பொருத்தும்போது

பழைய காரின் இருக்கையை மலிவாக வாங்கி டிராக்டரில் பொருத்துவோர் உண்டு. உட்காரும்போது அது சுகமாகத்தான் தோன்றும். ஆனால் கார் இருக்கை, ஸ்பிரிங் உள்ள வண்டிக்காகச் செய்யப்பட்டது. வயலின் அதிர்ச்சியைத் தணிக்கும் அமைப்பு அதில் இல்லை. மழைக்கும் சேற்றுக்கும் தாங்காது. ஆகவே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் எடைத் திருகும் உள்ள டிராக்டர் இருக்கையையே வாங்குக. வாங்குமுன் பழைய இருக்கையின் போல்ட் துளைகளின் இடைவெளியை அளந்து செல்லுங்கள்.

தலையில் 8.8 என்ற எண் பொறித்த போல்ட்டுகளையும், தளராத நட்டுகளையும் பயன்படுத்துக. பொருத்திய பின் அமர்ந்து, முதுகு சாய்மானத்தில் பட்டிருக்கக் கிளட்சை முழுவதும் மிதித்துப் பாருங்கள். அப்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். பத்து மணி நேரம் ஓட்டிய பின் நட்டுகளை மறுபடி முடுக்குக.

கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டகம் டிராக்டரில் இருந்தால் மட்டுமே இருக்கைப் பட்டை அணிய வேண்டும். சட்டகம் இல்லாத டிராக்டரில் பட்டை அணிந்தால் கவிழும்போது அதனடியில் சிக்க நேரிடும். சுவீடன் நாட்டில் 1959-ஆம் ஆண்டிலேயே புதிய டிராக்டர்களுக்கு இச்சட்டகம் கட்டாயமாக்கப்பட்டது.

நினைவில் வைக்க வேண்டியவை

ஒரே டிராக்டரை 60 கிலோ எடையுள்ளவரும் 85 கிலோ எடையுள்ளவரும் ஓட்டினால், ஒவ்வொரு முறையும் எடைத் திருகை மாற்றி வைக்க வேண்டும். டயரில் அளவுக்கு மேல் காற்று இருந்தாலும் அதிர்ச்சி கூடும். கேஜ் சக்கரத்துடன் கெட்டிச் சாலையில் ஓட்டாதீர்கள். இணைப்புகளுக்கு மாதம் ஒருமுறை கிரீஸ் இடுங்கள். வேலை முடிந்ததும் இருக்கையைத் தார்ப்பாயால் மூடி வையுங்கள்.

என் தந்தையாரின் டிராக்டரில் இப்போது அந்த மரக்கட்டை இல்லை. அவருடைய முதுகு வலி முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன், கெட்டது கெட்டதுதான். ஆனால் இன்று அதே டிராக்டரை ஓட்டும் என் தம்பிக்கு அந்த வலி வர வேண்டியதில்லை. கூலிக்கு ஓட்டும் ஓட்டுநரின் முதுகும் நம் முதுகு போன்றதே. எனவே அடுத்த உழவுக்குப் புறப்படுமுன், எண்ணெயும் காற்றும் பார்க்கும் கையோடு இருக்கையையும் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.