அம்மாவின் இன்சுலின் எந்தக் கடையிலிருந்து வந்தது?



ஆன்லைனில் வரவழைத்த இன்சுலின் பார்சலில் ஐஸ் பேக் உருகித் தண்ணீராகக் கிடந்தது, அம்மாவுக்குப் போடலாமா, புகார் என்றால் யாரிடம் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு உடனே பதில். போட வேண்டாம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டியது. வழியில் எத்தனை மணி நேரம் வெயிலில் வெந்ததோ, குப்பியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதற்காக ஊசியை நிறுத்திவிடாதீர்கள். இன்றைக்கே பக்கத்து மெடிக்கலில் வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விதான் சிக்கல். நான் பல வருஷம் மருந்துக் கடையில் நின்றவன். ட்ரக் இன்ஸ்பெக்டர் சொல்லிக்கொண்டு வரமாட்டார். வந்ததும் நேரே ஃப்ரிட்ஜைத் திறப்பார். ஒருமுறை ஊசி மருந்துக்குப் பக்கத்தில் கடைப் பையனின் தயிர் டப்பா இருந்தது. அன்று நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. சந்தேகப்பட்ட மாத்திரையை நாலு பங்காகப் பிரித்து, முத்திரை வைத்து, ஒரு பங்கை நம் கையிலேயே கொடுப்பார். ஒன்று அரசுப் பகுப்பாய்வாளருக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு, இன்னொன்று அந்த மருந்தை நமக்கு விற்றவருக்கு. நாளைக்கு யாரும் மாற்றிப் பேச முடியாது.

இதெல்லாம் நடக்க ஒரு கதவு வேண்டும். 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்குத் தெரிந்தது கடைதான். குறைந்தது 10 சதுர மீட்டர் இடம், பதிவு பெற்ற பார்மசிஸ்ட், சுவரில் லைசென்ஸ். அந்த லைசென்ஸும் முகவரியோடு ஒட்டியது. கடையை அடுத்த தெருவுக்கு மாற்றினால்கூடப் புதிதாக வாங்க வேண்டும். செல்போன் ஆப்புக்கு ஏது தெரு? அது ஆர்டரை வாங்கி ஏதோ ஒரு கடைக்குத் தள்ளிவிடுகிறது.

இப்படி ஆன்லைனில் மருந்து விற்பதற்கென்று மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வரைவு விதிகளை வெளியிட்டது. ஆன்லைன் மருந்தகம் பதிவு செய்ய வேண்டும், டாக்டர் சீட்டை பார்மசிஸ்ட் சரிபார்க்க வேண்டும், போதை மருந்துகளை விற்கக் கூடாது, எல்லாம் நல்லதுதான். ஆனால் சோதனை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாம்! மூலைக்கடை மெடிக்கலை வருஷம் ஒருமுறையாவது பார்க்கச் சொல்கிற விதிப் புத்தகத்தில், நாடு முழுக்க அனுப்புகிறவருக்கு இந்தச் சலுகை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் லைசென்ஸ் இல்லாத ஆன்லைன் விற்பனைக்குத் தடை போட்டது. சில நாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதியும், 2019 ஜனவரி 31க்குள் விதிகளை அரசிதழில் வெளியிடுங்கள், அதுவரை விற்கக் கூடாது என்றார். ஜனவரி தொடக்கத்திலேயே அதே நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. 2023 பிப்ரவரியில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி ஆன்லைன் மருந்து கம்பெனிகளுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியபோதும் வரைவு வரைவாகவே கிடந்தது.

எங்கள் கடைக்காரர்கள் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. பார்மசிஸ்ட் வீட்டில் இருப்பார், சான்றிதழ் மட்டும் கடையில் தொங்கும். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டால் அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை கொடுப்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அவர்களை நாளைக்கும் அதே இடத்தில் பிடிக்கலாம்.

ஆகவே, அந்தக் குப்பியைத் தூக்கி எறியாதீர்கள். பார்சலுக்குள் இருக்கும் பில்லை எடுங்கள். ஆப்பின் பெயர் பெரிதாக இருக்கும், அதை விடுங்கள். விற்ற கடையின் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் பில், பார்சல் படங்களோடு நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். கடை வெளி மாநிலம் என்றால் அந்த மாநிலத்துக்கும் ஒரு பிரதி. கடை பெயரே இல்லையென்றால், அதையே முதல் புகாராக எழுதுங்கள்.

பில்லில் எந்த ஊர் போட்டிருக்கிறது என்று எனக்கும் ஒரு வரி தெரிவியுங்கள்.