நடுவர் கண்ணுக்கு எது அழகு?

கேள்வி: கைவினைப் போட்டிகளில் பரிசை எப்படி முடிவு செய்கிறார்கள்? அழகு ஆளுக்கு ஆள் மாறுமே! (வாசகர், தென்காசி)

பதில்: மாறும்தான். அதனால் நல்ல போட்டிகளில் அழகைப் பார்க்கும் முன் செய்நேர்த்தியைப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சாண்டா ஃபே நகரில் ஆகஸ்ட் மாதம் கூடும் ‘இந்தியன் மார்க்கெட்’டைச் சொல்கிறேன். பூர்வகுடிக் கலைஞர்களுக்கான இந்தச் சந்தை தொடங்கியது 1922-இல். பானை, நகை, நெசவு, கூடை என்று பிரித்து மதிப்பிடுவார்கள். ஒவ்வொரு பிரிவிலும் முதலில் வந்தவை மோதி, அவற்றில் ஒன்று ஒட்டுமொத்தப் பரிசை வெல்லும்.

அங்குள்ள பியூப்ளோ மக்களின் மரபில் பானைக்குச் சக்கரமே கிடையாது. களிமண்ணைக் கயிறுபோல் திரித்து, சுற்றிச் சுற்றி அடுக்கி எழுப்புவார்கள்; வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். சுடும்போது தீயைச் சாணப்பொடியால் மூடினால் புகை ஏறிக் கறுத்துவிடும். சான் இல்டெஃபோன்சோ என்ற பியூப்ளோ ஊரின் மரியா மார்ட்டினெஸ், கணவர் ஜூலியனோடு சேர்ந்து, இந்தக் கறுப்பின் மேலேயே கறுப்புக் கோலம் எழுதிப் புகழ்பெற்றார். சக்கரம் இல்லாமல் எழுப்பிய பானையில் சுவர் சீராக, மெலிதாக இருக்கிறதா, வட்டம் கோணாமல் வந்திருக்கிறதா என்பதில் ரசனைக்கு அதிக வேலையில்லை.

வம்பு வேறிடத்தில். ஆரம்ப காலத்தில் பரிசை முடிவு செய்தவர்கள் அருங்காட்சியகத்து வெள்ளையர்கள். பழைய பாணிதான் அவர்களுக்கு உசத்தி. எது மரபு என்று வெளியாள் சொல்ல, செய்கிறவர் கேட்டுக்கொள்வதா? இப்போது பூர்வகுடிக் கலைஞர்களும் நடுவர்களாக இருக்கிறார்கள். புதுப் பாணிகளுக்கும் இடமுண்டு.