உப்பு நீரும் மூன்று குடமும்

வறட்சி என்றதும் நம் கண்முன் தோன்றுவது வெடித்துக் கிடக்கும் ஏரி. கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரியில் வறட்சி வேறு கோலத்தில் வருகின்றது. காயலில் நீர் குறைவதில்லை. கிணற்றிலும் நீர் தெரிகின்றது. ஆனால் பருப்பு வேகாது, சவுக்காரம் நுரைக்காது. ஒரு கோடையில் அங்குத் தங்கியிருந்தபோது இதனை நேரில் கண்டேன். நாகையிலும் தூத்துக்குடியிலும் பிறந்த நண்பர்களுக்கு இது புதிய செய்தியன்று. காரணம் மட்டும் சிலருக்குப் புதிதாகலாம்.

கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட மணல் நிலம் அது. பெய்த மழை மணலுள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கும். நன்னீரைவிடக் கடல்நீர் நாற்பதில் ஒரு பங்கு கனம் மிகுந்தது. ஆதலின் கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே நாற்பதடி ஆழம்வரை நன்னீர் நிற்க இயலும். ஹாலந்து நாட்டுக் கைபென், ஜெர்மானியராகிய ஹெர்ஸ்பர்க் ஆகிய இருவர் பெயரால் வழங்கும் விதி இது. இதன் மறுபக்கமே அச்சம் தருவது. மேல்மட்டம் ஓரடி தாழ்ந்தால், அடியிலுள்ள உப்பு நாற்பதடி ஏற முற்படும். ஆகவே மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சில் இறைப்பவர் தம் கிணற்றைக் காலி செய்வதோடு நில்லாமல் கெடுத்தும் விடுகின்றார். காலையும் மாலையும் வாளியால் மேலாக மொண்டுகொள்ளும் பழைய வழக்கத்தில் நல்ல அறிவு இருக்கிறது.

எவ்வளவு உப்புச் சேர்ந்தால் நீர் கெடும்? கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு உண்டு. குடிநீரில் அது 250 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம் என்பது இந்தியத் தர அளவு. கணக்கிட்டுப் பாருங்கள்: 75 குடம் நன்னீரைக் கெடுக்க ஒரு குடம் கடல்நீர் போதும்! காய்ச்சிக் குடிக்கலாமே என்பாருண்டு. காய்ச்சினால் கிருமி சாகும், உப்புப் போகாது. நீர் வற்ற வற்றச் சற்று மிகவே செய்யும்.

மட்டாஞ்சேரிக்கு அடுத்த கொச்சிக் கோட்டைப் பகுதியில் வெளி என்றோர் இடம் உண்டு. அங்குள்ள சலவைத்துறையில் நம் தமிழர் தலைமுறை தலைமுறையாக வெளுக்கின்றனர். டச்சுப் படையினரின் உடைகளை வெளுக்க அழைத்து வரப்பட்டவர்களின் வழியினர் என்பர். அங்கிருந்த முதியவர் ஒருவரிடம் நீரை எப்படிச் சோதிப்பீர்கள் என்று கேட்டேன். "நாக்குக்குத் தெரியறதுக்கு முன்னாடியே சவுக்காரத்துக்குத் தெரிஞ்சுடும் தம்பி" என்றார். வேதியியல் வகுப்பில் கடின நீர் பற்றி நாம் படித்த பாடம் இதுவன்றோ?

ஆலுவாயிலிருந்து பெரியாற்று நீரைப் படகில் ஏற்றிக் கொச்சிக்குக் கொண்டுவந்த காலம் ஒன்று இருந்தது. இன்று குழாய் வந்துவிட்டது. ஆனாலும் தொலைவு தொலைவுதான். 2016-இல் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை மூன்றிலொரு பங்கு பொய்த்தது; அவ்வாண்டு அக்டோபரில் 14 மாவட்டங்களும் வறட்சிக்கு உள்ளானவை என அறிவிக்கப்பட்டன. 2023-இன் தொடக்கத்திலோ மழைமீது பழியில்லை. மேற்குக் கொச்சிக்கு நீர் ஏற்றும் பாழூர் நிலையத்தில் பம்புகள் பழுதுற்றன. பல தெருக்களில் குழாய் வாரக்கணக்கில் வறண்டது.

இத்தகைய நாளில் வீட்டார் செய்யத்தக்கது யாது? நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடுவோர் கணக்கு. ஐவர் உள்ள வீட்டிற்கு 675 லிட்டர். 15 லிட்டர்க் குடத்தில் 45 குடம். ஆனால் குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஏழெட்டு லிட்டர் போதும். ஐவருக்கும் சேர்த்து மூன்று குடத்திற்குள் அடங்கிவிடும். மற்ற 42 குடமும் நல்ல நீராக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. எல்லா நீரையும் ஒரே தொட்டியில் கொட்டுவதே நம் வீடுகளின் பெருங்குறை என்பேன். குழாய்நீரில் முதல் மூன்று குடம் அடுப்படிக்குச் சென்றுவிட வேண்டும். குளிக்கச் சற்று உப்பான கிணற்று நீரே போதும்; குளித்த நீர் கழிப்பறைக்குப் போகட்டும். அங்கே ஒருமுறை விசையை அழுத்தினால் 10 லிட்டர் வரை போய்விடுகிறது. அரைவாளி கையால் ஊற்றினால் பாதி மிஞ்சும்.

சேர்த்த நீரை மூடிவைக்க வேண்டும். யானைக்காலுக்குக் 'கொச்சிக் கால்' என்றே வெள்ளையர் பெயரிட்டிருந்தனர். ஊரின் கெட்ட நீரைக் குடிப்பதால் வருவதென நம்பினர். கொசுவே அதனைப் பரப்புவது என்பது பின்னரே தெளிந்தது. அக்கொசு சாக்கடையில் வளர்வது. டெங்குவைப் பரப்பும் கொசுவோ நாம் அருமையாகச் சேர்த்த தெளிந்த நீரிலேயே முட்டையிடும்.

ஏப்ரல், மே மாதங்களில் அங்கு மாலை இடிமழை உண்டு. கூரையைக் கழுவி வரும் முதல் நீரை விட்டுவிட்டுப் பிறகு துணி கட்டிப் பிடிக்கலாம். 300 சதுர அடி ஓட்டுக்கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 280 லிட்டர் விழும். சேதாரம் போக 15 குடம் தேறும். ஐவருக்கு ஐந்து நாள் அடுப்படி நீர்.